அட்மிஷன் வந்துவிட்டது சரி, ஃபண்டிங் வந்ததா?

தம்பி, குமுளூரில் வேளாண் பொறியியல் முடித்துவிட்டு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அக்ரிகல்ச்சுரல் அண்ட் பயாலஜிக்கல் இன்ஜினியரிங் எம்.எஸ். அட்மிஷன் வாங்கியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஃபண்டிங் (ஃபீஸுக்கும் செலவுக்கும் அங்கேயே கிடைக்கும் பணம்) பற்றி ஒரு வரியும் இல்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாமா, குளிர் எப்படி, நம் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கோட்டு, சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கர். அந்த இரண்டும் அவ்வளவுதான்.

"போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று 2007 ஆகஸ்டில் அப்பாவின் நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்து இறங்கியவன் நான். பக்கத்து மாநிலம், உங்கள் துறையேதான். வந்த முதல் வாரம் பேராசிரியர்களின் கதவைத் தட்டினால் எல்லாரும் அன்பாக உட்காரவைத்துப் பேசினார்கள், பணம் மட்டும் யாரிடமும் இல்லை. இங்கே இடம் கொடுப்பது துறை, சம்பளம் கொடுப்பது பேராசிரியரின் ஆராய்ச்சி நிதி, அந்த நிதிக்கு ஆள் எடுப்பது பல மாதம் முன்பே முடிந்துவிடும். இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய சீனியர் அண்ணன், "வா, எல்லாம் கிடைக்கும்" என்றார். அவரே இரண்டாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் பக்கம் தாவிவிட்டார்! நான் உணவுக்கூடத்தில் தட்டு கழுவினேன். மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அந்தக் காசு வாடகைக்கே இழுக்கும், ஃபீஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அதனால் விசாவுக்கு ஓடுவதற்கு முன் பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பாதீர்கள், அது அவர்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். நீர், மண் பக்கம் போகிறவர் என்றால் ஸ்வாட் மாடல் (ஒரு ஆற்றுப் பகுதியில் நீரும் மண்ணும் எப்படிப் போகும் என்று கணக்கிடும் கணினி மென்பொருள்) இலவசம்தான், அமெரிக்க வேளாண் துறையும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மும் சேர்ந்து உருவாக்கியது. வைகையின் ஒரு கிளை ஆற்றுக்காவது அதை ஓட்டிப் பார்த்து, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். அசிஸ்டண்ட்ஷிப் (படித்துக்கொண்டே பேராசிரியரிடம் பார்க்கும் வேலை) கிடைத்தால் பெரும்பாலும் ஃபீஸும் கட்ட வேண்டியிருக்காது, மாதச் சம்பளமும் வரும். கிடைக்கவில்லையா, ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வேலையைப் பற்றி ஒன்று. பெயரில் பயாலஜிக்கல் இருக்கிறதே என்று பயோடெக் கனவோடு வருகிறவர்கள் உண்டு, வேண்டாம். மண், நீர் பக்கம் நல்ல வேலைகளில் நிறைய அமெரிக்க மத்திய அரசு வேலைகள், அவை பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். நமக்குத் தனியார் கம்பெனிகள், டிராக்டர், சென்சார், தானியம் உலர்த்துவது. படிப்பு முடிந்தபின் ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கான) நீட்டிப்பு 24 மாதம், அதற்குள் நம்மை வைத்துக்கொள்ளும் கம்பெனியைப் பிடிக்க வேண்டும். ஐ.டி. நண்பர்கள் பொங்கல் விழாவில் "விவசாயம் படிக்கவா அமெரிக்கா வந்தே?" என்று சிரிப்பார்கள். பதினெட்டு வருடமாகச் சிரிக்கிறார்கள், ஆனால் வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வாடினால் போன் எனக்குத்தான் வருகிறது.

எனக்குப் பணம் கிடைத்தது 2008 ஜனவரியில், ஒரு மாணவர் பாதியில் விட்டுப் போனதால். வேலை, வயலுக்கு அடியில் ஓடும் வடிகால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட் எவ்வளவு என்று பார்ப்பது. அந்தக் குழாயை இவர்கள் இன்னும் 'டைல்' என்றுதான் சொல்வார்கள், ஒரு காலத்தில் சுட்ட மண் குழாய், இப்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக். மூன்று நான்கு அடி ஆழத்தில் புதைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வடியாமல், வசந்தத்தில் மக்காச்சோளம் விதைக்க டிராக்டர் வயலில் இறங்காது. ஏப்ரல் மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு, தானாகத் தண்ணீர் பிடிக்கும் சாம்ப்ளர் கருவியின் பேட்டரி செத்துப்போய், கையால் பாட்டில் பாட்டிலாகப் பிடித்திருக்கிறேன். சிவகங்கைக்காரன் நான். கண்மாய் மடை திறக்கிற நாளுக்குச் சண்டை போடுகிற ஊர். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "தண்ணியை வெளியே தள்ளவா குழாய் போடுறான்?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், அது எங்கே போகிறது என்றார். மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு, போகிற வழியில் உரத்தையும் அள்ளிக்கொண்டுபோய் அங்கே கடலில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஆக்குகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உரம் என்ன விலை அங்கே?" என்றார்.

ஆமாம், அந்த வயல் ஊரிலிருந்து 14 மைல், பஸ் கிடையாது. கார் ஓட்டப் பழகிவிட்டு வாருங்கள்.