வெயில், மழைக்கு எந்த மரம்? கேள்வி பதில்

மொட்டை மாடி டெக் (மரப்பலகைத் தளம்), தோட்டத்து ஊஞ்சல், வாசல் கேட், கிணற்றடி பெஞ்ச் என்று கூரை இல்லாத இடத்தில் நிற்கிற மரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கட்டில், அலமாரி, கிச்சன் வேலை எல்லாம் வேறு கணக்கு.

கோவளம்: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மாடியில் 12க்கு 10 அடி மர டெக் போட ஆசை. மரவாடியில் நாட்டுத் தேக்கு, பர்மா தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு, வேங்கை என்று நாலு விலை சொல்கிறார்கள். எது தாங்கும்?

பெயரை விடுங்கள், பலகை மரத்தின் எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நடுவில் நிறம் ஏறிய வைரப் பகுதியில்தான் கரையானையும் பூஞ்சையையும் விரட்டுகிற சத்து இருக்கிறது. ஓரத்து வெளிறு, மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய பகுதி. மாவுச்சத்தும் அங்கேதான் இருக்கும். வெளிறு தேக்கில் இருந்தாலும் வேங்கையில் இருந்தாலும் மழையில் மக்கும்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. 60 செ.மீ. நீளம், 5க்கு 5 செ.மீ. கனமுள்ள கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரி 120 மாதமும் அதற்கு மேலும் என்றால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது. தேக்கு முதல் வகுப்பு. ஆனால் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது வைரம். வெளிறு கலந்த பலகைக்கு அது பொருந்தாது.

உங்கள் நாலு விலைக்கு வருகிறேன். ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் அங்கே தோட்டத்தில் வளர்த்த அசல் தேக்கும் வரும், இரோக்கோ போன்ற வேறு மரமும் வரும். எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். இளசாக வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம் இருக்கும், அது எந்த நாட்டில் வளர்ந்திருந்தாலும் சரி. வேங்கை உறுதியான மரம், ஆனால் நனைந்தால் சாயம் விடும். சர்க்கரை நோய்க்காகத் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார்களே, அந்த வேங்கை டம்ளர் இதே மரம்தான். கீழே வெள்ளை டைல்ஸ் இருந்தால் முதல் மழையிலேயே கறை பிடிக்கும். உங்கள் இடத்துக்கு நான் வெளிறு இல்லாத தேக்கு போடுவேன், நாட்டுத் தேக்கே போதும்.

அப்புறம் வேலை முறை. பலகை ஒரு அங்குல கனம், நாலு அங்குல அகலம். அகலம் கூடினால் வளையும். பலகைக்கும் பலகைக்கும் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி. கீழே தாங்கும் சட்டங்கள் 40 செ.மீ.க்கு ஒன்று, தண்ணீர் ஓடும் திசையை மறிக்காமல். ஸ்க்ரூ 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு கடல் காற்றில் துருப்பிடிக்கும், தேக்கிலும் கறுப்புக் கறை இறக்கும். பலகையின் வெட்டு முனைகள்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும், அவற்றை மெழுகோ சீலரோ பூசி அடைத்துவிடுங்கள்.

திண்டுக்கல்: புயலில் பெரிய வேப்பமரம் சாய்ந்துவிட்டது. வேம்பைக் கரையான் தொடாது என்பார்களே, தோட்டத்து பெஞ்ச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கரையான் தொடாது என்பதை மட்டும் நம்பாதீர்கள். முற்றிய வேம்பின் சிவந்த வைரம் ஓரளவு தாங்கும், அதன் வெளிறைக் கரையான் தின்னும். அறுவை மில்லிலேயே வெளிறைச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். பெஞ்சின் காலை மண்ணில் ஊன்றாமல் கருங்கல்லின் மேல் உட்கார வையுங்கள்.

வவுனியா: இங்கே முதிரையும் பாலையும் கிடைக்கின்றன, அண்ணா. வெளி வேலைக்கு எது?

இரண்டும் வைரமான மரம், கொடுத்து வைத்தவர்கள் நீங்கள். பாலை மிகக் கனம், துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் ஸ்க்ரூதான் உடையும். வெட்ட அனுமதி உள்ள மரமா என்று கேட்டு வாங்குங்கள்.

கோவை: மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை போடலாமா?

என் துறை இல்லை. போட்டு ஐந்து கோடை கண்ட வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

சேலம்: மருந்து ஏற்றிய ரப்பர் மரம் மலிவாக வருகிறது. டெக்குக்கு எடுக்கலாமா?

வேண்டாம். ரப்பர் மரத்துக்கு வழக்கமாக ஏற்றுவது போரான் மருந்து. அது தண்ணீரில் கரையும். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும், மழையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மருந்து போன பிறகு மிஞ்சுவது வெறும் வெளிறு மாதிரிதான்.

தஞ்சாவூர்: மாடியில் மூங்கில் பந்தல் போடப் போகிறோம். தேய்பிறையில் வெட்டிய மூங்கிலில் வண்டு விழாது என்கிறார்களே?

வண்டு தேடி வருவது மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை. புதுக் குருத்து வளர்ந்து முடிந்ததும், மழைக்காலம் தாண்டி வெட்டினால் மாவு குறைந்திருக்கும். மூன்று வயதுக்கு மேற்பட்ட மூங்கிலாக வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மீதியும் கரையும். பிறை நாளை நம்பி ஊறப்போடாமல் விட்டால் வண்டு நிச்சயம்.

மன்னார்குடி: அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் தாத்தா தேய்பிறையில் வெட்டிப் போட்ட மூங்கில் 60 வருஷமாக ஓட்டுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

இருக்கும். அது ஓட்டுக்கு அடியில் நனையாமல் இருந்த மூங்கில். அந்தக் காலத்தில் கீழே விறகடுப்பும் எரிந்திருக்கும், தினமும் புகை பட்டிருக்கும். தஞ்சாவூர்க்காரர் கேட்பது திறந்தவெளிப் பந்தலுக்கு.

கும்பகோணம்: நான் பரம்பரை ஆசாரி. அமாவாசையை ஒட்டி மரத்தில் நீரோட்டம் குறையும் என்று எங்கள் அப்பா சொல்வார். பெரியவர்கள் பார்த்தது பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை, ஐயா. உங்கள் அப்பா தேய்பிறை மட்டுமா பார்த்தார்? மாதம் பார்த்திருப்பார், முற்றல் பார்த்திருப்பார், வெட்டியதைக் குளத்தில் போட்டிருப்பார். இன்றைக்கு மற்றதை எல்லாம் விட்டுவிட்டு பிறை நாளை மட்டும் பிடித்துக்கொண்டு, “தேய்பிறை மூங்கில்” என்று கூடுதல் விலை வாங்குகிறார்கள். என் சண்டை அவர்களோடுதான். தேய்பிறை பார்ப்பதென்றால் பாருங்கள், ஊறவும் போடுங்கள். பந்தல் காலை மண்ணில் ஊன்றினால் எந்தப் பிறையில் வெட்டியதும் இரண்டு மூன்று வருடத்தில் இற்றுப்போகும்.

திருச்சி: தேக்கு நல்லதா, வேங்கை நல்லதா?

கோவளத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மதுரை: நாட்டுத் தேக்கு நல்லதா? கன அடி என்ன விலை?

வைரம் நல்லது, வெளிறு ஆகாது. விலையை உங்கள் ஊர் மரவாடிகள் மூன்றில் கேளுங்கள்.

புதுச்சேரி: தேக்கு டெக்குக்குப் போட்ட வார்னிஷ் ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. மறுபடி பூசட்டுமா?

பூசாதீர்கள். வெயிலில் மரம் விரிந்து சுருங்கும்போது மேலே படர்ந்த வார்னிஷ் கூட வராமல் வெடிக்கும். வெடிப்பு வழியே புகுந்த தண்ணீர் உள்ளேயே தங்கும். முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மரத்துக்குள் இறங்குகிற, வெளிப்புறத்துக்கென்றே உள்ள எண்ணெய் ரகம் பூசுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன்னால். எதுவும் பூசாமல் விட்டாலும் தேக்கு சாம்பல் நிறமாகுமே தவிர, அதனால் பலம் குறையாது.

நாகர்கோவில்: பாலிஷ் போட்டு அடுக்கி வைத்த பலகையில் வைரம், வெளிறு எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். சாயம் பூசி வெளிறை மறைப்பது சுலபம். இழைக்காத பலகையாகக் கேளுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் வைரத்துக்கும் வெளிறுக்கும் நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முகம், முதுகு, இரண்டு முனை எல்லாவற்றையும் பாருங்கள், வெளிறு பெரும்பாலும் ஒரு விளிம்பில் பட்டையாக ஓடும். தேறிய பலகைகளில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, வண்டியில் ஏறுவதும் அவைதானா என்று கூடவே நின்று பாருங்கள்.