விற்பனை நிறுத்தம், உதவி மட்டும் தொடரும்: கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான் கவனித்துக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே முறை பணம் கட்டி, பில் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். “புதிய விற்பனையை நிறுத்திவிட்டோம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உதவி தொடரும்” என்று அந்த நிறுவனத்திலிருந்து இப்போது கடிதம் வந்திருக்கிறது. அவர்களுடைய ஏஜெண்ட், மாதக் கட்டணத்தில் இயங்கும் புதிய மென்பொருளுக்கு உடனே மாறச் சொல்கிறார். மாறிவிடலாமா?

பதில்: ஏஜெண்ட் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக மாற வேண்டாம். அதே நேரம், இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று கடிதத்தை மேசையறையில் போட்டு மூடிவிடவும் வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படும் காலம் இரண்டு ஆண்டைவிட மிக நீளமானது. ஜிஎஸ்டி சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் இறுதிவரை. அதிகாரி வந்து பழைய பில்லைக் கேட்கும்போது, மென்பொருள் திறக்கவில்லை என்ற பதில் எடுபடாது.

ஆகவே முதலில் ஆக்டிவேஷனைப் பற்றி, அதாவது மென்பொருள் திறக்க நிறுவனம் தரும் அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். பல பில் மென்பொருள்கள் ஒரு குறிப்பிட்ட கணினியோடு பூட்டப்பட்டிருக்கும். கணினி பழுதாகிப் புதியது வாங்கினால், நிறுவனத்தின் சர்வர் அனுமதித்தால்தான் மறுபடியும் திறக்கும். அந்த சர்வரை அணைத்துவிட்டால் உங்கள் லைசென்ஸ் வெறும் ரசீதுதான். விற்பனையை நிறுத்துவதில் தவறில்லை. விற்றுவிட்ட பொருளை வாங்கியவர் கையில் முழுமையாகக் கொடுக்காமல் போவதுதான் தவறு. இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ‘மணி’ என்ற வீட்டுக்கணக்கு மென்பொருளின் விற்பனையை 2009 ஜூனில் நிறுத்தியது. பழைய வாடிக்கையாளர்களுக்கான இணையச் சேவைகளை 2011 ஜனவரி வரை தொடர்ந்தது. இடையில், ஆக்டிவேஷனே தேவைப்படாத ஒரு பதிப்பை 2010-இல் இலவசமாகக் கொடுத்தது. அடோபியும் படம், பக்கம் வடிவமைக்கும் தன் சிஎஸ்2 மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, அதை வாங்கியிருந்தவர்களுக்காக ஆக்டிவேஷன் இல்லாத பதிப்பை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களால் முடிந்ததை உங்கள் நிறுவனத்திடமும் கேட்கலாம். கூச்சப்படாதீர்கள்.

அடுத்து உங்கள் கணக்குத் தரவு. மென்பொருளின் சொந்த பேக்கப் கோப்பு போதாது. அதைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் நிலுவை, கொள்முதல், விற்பனை எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக எடுங்கள். பில்களை ஆண்டுவாரியாக பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் கடைக் கணினியில் மட்டும் வைக்காமல் வெளியில் ஒரு டிஸ்க்கிலும் வையுங்கள். பொருள்களின் பெயரைத் தமிழில் பதிந்திருந்தால் எக்செல்லில் திறந்து கட்டாயம் சரிபாருங்கள். எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய உதவும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பழைய மென்பொருள்கள் பலவற்றில் கிடையாது. பாமினி போன்ற எழுத்துருக்களில் பதிந்த ‘குத்துவிளக்கு’ வெளியே வரும்போது புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக நிற்கும். அதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எந்த எழுத்துருவில் பதிந்தது என்று தெரிய வேண்டும், அதைச் சொல்ல நிறுவனத்தில் ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உதவி என்று அவர்கள் சொல்வதில் எது எது அடங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசுவது மட்டும்தானா, வரி விதி மாறினால் மென்பொருளைத் திருத்தித் தருவார்களா? 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கியபோது, விகிதத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தவர்கள் பிழைத்தார்கள். அது இல்லாதவர்கள் நிறுவனத்தின் அப்டேட்டுக்குக் காத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கும் ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்புப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆண்டுக்கு ஆண்டு கட்டுங்கள்.

சொன்ன காலத்துக்கு முன்பே கைவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு தருகிறது. மென்பொருள் ஒரு பொருளே அல்ல என்றும் எதிர்த்தரப்பு சொல்லலாம். பெட்டியில் விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று 2004-இல் விற்பனை வரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உங்களுக்குத் துணை நிற்கும். நீங்களும் மனைவியும் மட்டுமே நடத்தும் கடை என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டு மலர், அழைப்பிதழ் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் மென்பொருளில் இருக்கின்றன. அது நிற்கப்போகிறதாமே?

பதில்: ஆமாம். 2026 அக்டோபருடன் அதற்கான ஆதரவை முடிப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. சந்தா கட்டி மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துபவர்கள் அதற்குப் பிறகு பப்ளிஷர் கோப்புகளை அதில் திறக்கவே முடியாது. இதைச் சந்தா கட்டுபவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டும். மலர்களை இப்போதே பிடிஎஃப் ஆக்குங்கள். மறுபடி திருத்தவேண்டியவற்றை மட்டும் வேர்டுக்குக் கொண்டுபோங்கள். பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். இலவசமான லிப்ரே ஆஃபிஸ் அவற்றைத் திறக்கும், அச்சு அசலாக இராவிட்டாலும் எழுத்தும் படமும் கிடைத்துவிடும்.

கேள்வி: விற்பனையை நிறுத்தப்போகும் மென்பொருளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: விலையை, மீதியிருக்கும் ஆதரவு ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விண்டோஸ் 10 விற்பதை 2023 ஜனவரி 31-உடன் நிறுத்தியது, ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கடைசி நாளில் முழு விலை கொடுத்தவருக்கு மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. இணையத் தொடர்பே இல்லாத கணினியில், ஆக்டிவேஷன் இல்லாமல் ஓடும் மென்பொருள் என்றால் தாராளமாக வாங்கலாம். மற்றபடி, ஆதரவு முடியும் தேதியை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தெரிந்தே அதை மறைத்து விற்றால், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று சட்டம் சொல்கிறது. எழுதித்தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.