கேஸ் டர்பைனைச் சுழற்றுவது எது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் காற்றாடியைக் காற்று சுழற்றுகிறது, கோதையாறு நீர்மின் நிலையத்தில் டர்பைனைத் தண்ணீர் சுழற்றுகிறது. கேஸ் டர்பைன் மின் நிலையத்தில் கேஸ் வரும் வேகத்தில் டர்பைன் சுற்றுமா, இல்லை கேஸை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்களா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இரண்டும் இல்லை. அங்கேயும் சுழற்றுவது பெரும்பாலும் காற்றுதான், கேஸ் அதைச் சூடாக்க மட்டுமே! வெளிக்காற்றை உள்ளே இழுத்து, கம்ப்ரஸரில் பதினைந்து இருபது மடங்கு அழுத்தி, எரி அறைக்குள் தள்ளி, அங்கே கேஸைப் பீய்ச்சி எரிப்பார்கள். சூடாகி விரியும் அந்தக் காற்று டர்பைன் இலைகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அதே தண்டில் ஜெனரேட்டர். பெரிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50; நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்தக் கணக்குதான்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. டர்பைன் தரும் சக்தியில் பாதிக்கு மேல், முன்னால் இருக்கும் கம்ப்ரஸரே தின்றுவிடும். 1939-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில் மின்சாரத்துக்காக ஓடத் தொடங்கிய முதல் கேஸ் டர்பைனில், கிடைத்த சுமார் 15 மெகாவாட்டில் 11 கம்ப்ரஸருக்கே போய், வெளியே வந்தது வெறும் 4. காற்றை வீணாக்காமல் அழுத்தவும், இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் இது லாபமான தொழில் ஆனது. புதிய இயந்திரங்களில் முதல் வரிசை இலைகளைத் தொடும் வாயு, அந்த இலையின் உலோகமே உருகிவிடும் அளவு சூடு! நிக்கல் கலவையில் வார்த்த இலையின் உடம்பில் மெல்லிய துளைகள் போட்டு, அவற்றின் வழியாகக் குளிர்ந்த காற்றைக் கசியவிட்டு, இலையைப் போர்த்தி வைக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான பொறியியல் வேறு தெரியாது.

சரி, தண்ணீர் எங்கே வருகிறது என்றால் பின்னால்தான். டர்பைனை விட்டு வெளியேறும் வாயு இன்னும் 500, 600 டிகிரி இருக்கும், அதில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனை ஓட்டுவார்கள். ராமநாதபுரம் வழுதூரிலும் குத்தாலத்திலும் இப்படித்தான். சென்னை பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட் வீதம் 4 டர்பைன்கள், அவற்றுக்கு நீராவிப் பகுதி கிடையாது. தேவை ஏறும் நேரத்தில் சட்டென்று ஓட்டுவதற்காக வைத்தவை. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று படுத்துவிடும் மாலைகளில் கைகொடுப்பவை இப்படிப்பட்ட நிலையங்களும் நம் கோதையாறு போன்ற நீர்மின் நிலையங்களும்தான்.

கேள்வி: எங்கள் உப்புக்காற்றில் இது தாங்குமா?
- வாசகி, குளச்சல்

பதில்: தாங்கும், வடிகட்டி ஒழுங்காக இருந்தால். உப்பு உள்ளே போனால், எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி, சூடான இலைகளை அரிக்கும். அதனால் கடலோர நிலையங்களில் காற்று நுழையும் இடத்தில் அடுக்கடுக்காக வடிகட்டி வைப்பார்கள், கம்ப்ரஸர் இலைகளையும் அவ்வப்போது கழுவுவார்கள். அப்புறம், சித்திரை வெயிலில் காற்று லேசாகி உள்ளே போகும் எடை குறைவதால் மின்சாரமும் குறையும்.