வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பல்கலைக்கழக நூலகத்தைக் கொழும்பில் இருந்தபடி எப்படிப் பயன்படுத்துவது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. அமெரிக்காவிலுள்ள கிறிஸ்தவப் பல்கலைக்கழகமொன்றில் இணையவழிக் கல்வியியல் முதுமாணிக்கு அனுமதி பெற்றிருக்கும் உங்களுக்கு, கொழும்பில் இருந்தபடியே அதன் நூலகத்தால் பயன் உண்டா என்பது ஒன்று. சைவரான உங்களுக்கு அங்கே வேதாகம விளக்கங்களைத் தவிர வேறு ஏதும் கிடைக்குமா என்பது மற்றது. நானும் சைவன்தான், பாடசாலையில் கற்பித்துக்கொண்டே அத்தகைய பல்கலைக்கழகமொன்றில் இதே வழியில் முதுமாணி முடித்தவன் என்பதால், அங்கு கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கான பதில் சுருக்கமானது. இறையியல் அங்குள்ள பல பீடங்களில் ஒன்று மட்டுமே. தாதியியல், வணிகம், உளவியல், கல்வியியல் என்று மாணவர் எதைப் படிக்கிறாரோ அதற்குரிய தரவுத்தளங்களுக்கெல்லாம் நூலகம் சந்தா கட்டுகிறது. கல்வியியல் மாணவருக்கு அன்றாடம் வேண்டியவை எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட் போன்ற நிறுவனங்களின் சஞ்சிகைத் தொகுப்புகளும், அமெரிக்கக் கல்வித் திணைக்களம் எவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் ஏரிக் என்ற தரவுத்தளமுமே ஆகும். சமயப் பகுதி அங்கு ஆழமாக இருக்கும் என்பது உண்மை. 1946 இல் தொடங்கிய அமெரிக்க இறையியல் நூலகச் சங்கமான ஆட்லாவின் சமயத் தரவுத்தளம் அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். அதில் இந்து சமயம், பௌத்தம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் அடங்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பழைய டூயி வகுப்பாக்கத்தில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்கு ஒதுக்கிவிட்டு, உலகின் மற்றெல்லாச் சமயங்களையும் 290களுக்குள் நெருக்கி, இந்து சமயத்துக்கு 294.5 என்று ஒரு மூலையைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் குறையை நம் பொது நூலகங்களின் தட்டுகளிலும் காணலாமே தவிர, அது கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று.

முதலாவது கேள்விதான் விரிவான பதிலை வேண்டுவது. அனுமதிக் கடிதத்தோடு வரும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இயங்கத் தொடங்கிய அன்றே நூலகத் தளத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எந்தத் தரவுத்தளமானாலும் நூலகத் தளத்தின் வழியாகவே அதற்குள் செல்ல வேண்டும். கூகுளில் தேடி, பதிப்பகத்தின் பக்கத்துக்கு நேரே போனால், நீங்கள் யாரென்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டொலர் கேட்கும். அதே கட்டுரை நூலகத்தின் வாயிலாகப் போனால் இலவசமாகத் திறக்கும். ஒரு கட்டுரையின் இணைப்பைச் சேமிக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் உள்ளதைப் பிரதி செய்யாமல், அந்தப் பக்கத்திலேயே தரப்பட்டிருக்கும் நிலையான இணைப்பை எடுத்து வையுங்கள். முகவரிப் பட்டையில் உள்ளது பெரும்பாலும் மறுநாள் வேலை செய்யாது. மின்னூல்களில் ஒரு சிக்கல் உண்டு. சிலவற்றை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே திறக்கலாம். ஒப்படை சமர்ப்பிக்கும் கிழமையில் வகுப்பு முழுவதும் அதே நூலைத் தேடும் என்பதால், பாடத்திட்டம் கைக்கு வந்ததுமே தேவையான அத்தியாயத்தை இறக்கிக்கொள்வது நல்லது.

அச்சு நூல்களை அவர்கள் பொதுவாகக் கடல் கடந்து அனுப்புவதில்லை. அதற்குப் பதிலாக, நூலின் ஓர் அத்தியாயத்தையோ சஞ்சிகையின் ஒரு கட்டுரையையோ பதிப்புரிமைச் சட்டம் இடங்கொடுக்கும் அளவில் ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். தம்மிடம் இல்லாததை வேறு நூலகத்திடமிருந்து வாங்கியும் தருவார்கள். நூலகங்களுக்கிடையிலான இரவல் என்ற இந்தச் சேவைக்குப் பெரும்பாலும் மாணவரிடம் கட்டணம் அறவிடுவதில்லை. இணையவழி மாணவர் பலர் கற்கை முடியும்வரை இதன் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது உசாத்துணை நூலகர்தான். அங்கே ஒவ்வொரு பாடத்துறைக்கும் பொறுப்பாக ஒரு நூலகர் இருப்பார். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் அந்தத் துறைக்கான ஆய்வு வழிகாட்டிப் பக்கத்தில் இருக்கும். நூலகரை நூல் எடுத்துத் தருபவராக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, அவரிடம் ஆய்வுக் கேள்வியோடு போகத் தயக்கமாக இருக்கும். அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். ஆனால் கேள்வியைச் சீராகக் கேளுங்கள். ‘இலங்கையில் கல்வி பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று எழுதினால் பொதுவான நூற்பட்டியலொன்றே பதிலாக வரும். ‘1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் எந்த மொழியில் கற்பித்தார்கள் என்பது பற்றித் தேடுகிறேன், இன்ன தரவுத்தளங்களில் இன்ன சொற்களால் தேடிவிட்டேன், கிடைத்தவை இவை’ என்று நான்கு வரி எழுதினால், பதில் வேறு தரத்தில் இருக்கும். எனக்கு வந்த பதிலில் முதல் வரியே, ‘ஸ்ரீலங்கா’ என்று தேடுவதை நிறுத்திவிட்டு ‘சிலோன்’ என்று தேடுங்கள் என்பதுதான். நாட்டின் பெயர் 1972 இல் மாறியது. 19ஆம் நூற்றாண்டுக் கடிதங்களும் அறிக்கைகளும் பழைய பெயரிலேயே அட்டவணையாகியிருக்கின்றன. அந்தச் செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையைப் ‘பட்டிக்கோட்டா’ என்றும், உடுவிலை ‘ஊடூவில்’ என்றும் தமக்குக் கேட்டபடி எழுதிவைத்தார்கள். அந்த எழுத்துக்கூட்டலோடு தேடிய பிறகே என் ஆய்வேட்டுக்கு மூலச் சான்றுகள் வரத் தொடங்கின.

நூலகரோடு நேரடியாக உரையாடும் வசதியும் உண்டு. நேர வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் டெக்சஸ் போன்ற மத்திய நேர வலயத்தில் இருந்தால், அங்கே காலை 9 மணி என்பது மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை நமக்கு இரவு 7.30, மற்ற மாதங்களில் 8.30. வேலை முடிந்து வீடு வந்து, சாப்பிட்டுவிட்டு அமர்ந்தால் சரியாக இருக்கும். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்பதால் வேறு சில நேரக் கட்டுப்பாடுகளும் உண்டு. சிலவற்றில் சிற்றாலய ஆராதனை நடக்கும் வேளையில் சேவை மேசை மூடியிருக்கும். ஞாயிறன்று பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே நூலகம் திறக்கும். பெரிய வெள்ளியன்று பதில் எதிர்பார்க்க வேண்டாம். நமது போயா விடுமுறை அங்கே வேலை நாள் என்பதை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

நூலகத்தின் செய்திப் பகுதியை ஒருவரும் வாசிப்பதில்லை. ஆனால் தொலைவிலுள்ள மாணவருக்கு அதில்தான் வேண்டிய செய்தி இருக்கும். புதிய தரவுத்தளமொன்றைச் சில கிழமைகளுக்குப் பரீட்சார்த்தமாகத் திறந்துவிடும்போது அறிவிப்பு அங்கேதான் வரும். அந்த நாட்களுக்குள் இறக்கிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தளப் பராமரிப்புக்காக அவர்கள் நள்ளிரவில் மூடுவது நமக்கு நண்பகலாக அமையும் என்பதால் அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கோள் காட்டும் முறை, உசாத்துணைகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் சோட்டெரோ மென்பொருள் போன்றவை பற்றிய பட்டறைகள் இணையவழியில் நடப்பதுண்டு. ஒளிப்பதிவை அனுப்பும்படி கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். கல்வியியலுக்கு ஏபிஏ முறை, இறையியலுக்குச் சிக்காகோ அல்லது எஸ்பிஎல் முறை என்று துறைக்குத் துறை மாறுவதால், பட்டறையில் சேருமுன் எந்த முறைக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூல் வெளியீடு, கண்காட்சி, வாசிப்பு வட்டம் ஆகியவை வளாகத்தில் உள்ளோருக்கானவை. நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடி முடித்த கையோடு அங்கே இறுதிப் பரீட்சைக் காலம் வரும். அப்போது நூலகத்தை நள்ளிரவு தாண்டியும் திறந்துவைத்து, மாணவரின் மனப்பதற்றம் தணியப் பழக்கிய நாய்களையும் சில நூலகங்களில் அழைத்து வருகிறார்கள். நம்மூர் நூலகரிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது கடினம்.

வரலாறு தொடர்பான தலைப்பை எடுக்கும் எண்ணம் இருந்தால், நமது சொந்த வரலாற்றின் ஒரு பகுதி இத்தகைய நூலகங்களில்தான் இருக்கிறது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்க மிஷன் 1816 இல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை அந்தச் சூழலிலிருந்தே வெளிவந்தது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் ஆக்கினார். இவர்களை அனுப்பிய சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. மெதடிஸ்த மிஷனின் ஆவணங்கள் லண்டனில் கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுகளுக்கான சோஆஸ் நிறுவனத்திலும், சேர்ச் மிஷனரி சங்கத்தினுடையவை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் இவற்றுள் எதையும் வைத்திராவிட்டாலும், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று காட்டும் விவரப்பட்டியலை எப்படி வாசிப்பது, பிரதி கேட்டு எப்படி எழுதுவது என்று உங்கள் நூலகர் சொல்லித் தருவார். பாடசாலை ஆசிரியரின் சாதிப் பின்னணி பற்றியும், மாணவிகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் பற்றியும் அந்த அறிக்கைகளில் உள்ள வரிகள், மிஷனரியின் பார்வையில் எழுதப்பட்டவை. ஆகவே அவற்றை நம் தரப்புச் சான்றுகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். அதற்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் உள்ள ஈழத்து இதழ்களும் மலர்களும் பெருந்துணை.

நேரில் போய் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கொழும்பிலேயே வழி உண்டு. சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலகமும், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள பொது நூலகமும் எல்லோரும் அறிந்தவை. கிறிஸ்தவத் துறை சார்ந்த தேவைக்கு, வணபிதா பீற்றர் பிள்ளை 1954 இல் பொரளையில் நிறுவிய அக்குவைனாஸ் கல்லூரியும், ஹெவ்லொக் வீதியிலுள்ள கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனமும் விசாரித்துப் பார்க்கத்தக்கவை. கண்டிப் பக்கம் போக முடிந்தால், 1963 முதல் சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிக்கும் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, பல்கலைக்கழகம் தந்த மாணவர் உறுதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பட்டம் பெற்ற சில மாதங்களுக்குள் உங்கள் பயனர் கணக்கு மூடப்படும். அதற்குமுன் தேவையான கட்டுரைகளை எல்லாம் இறக்கிச் சோட்டெரோவில் ஒழுங்குபடுத்தி வையுங்கள். ஆனால் சோட்டெரோக் கணக்கைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் அன்றி உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறக்க வேண்டும். ஆட்லாவின் சஞ்சிகைகளைப் பழைய மாணவர்களுக்கும் திறந்துவிடும் திட்டமொன்று உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இணைந்திருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். சஞ்சிகைக் கட்டுரைகளின் களஞ்சியமான ஜேஸ்டோர் தளத்தில் சொந்தமாகப் பதிவு செய்துகொண்டால், எந்தப் பல்கலைக்கழகத்தின் தயவும் இன்றி மாதமொன்றுக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் இலவசமாக வாசிக்கலாம்.