கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்: கேபினெட்டில் அடிக்கும் ஷாக் வேறு, ஸ்டாட்டிக் வேறு

கேள்வி: என் டெஸ்க்டாப் வாங்கி 6 வருடம் ஆகிறது. 8 ஜிபி ரேம் ஒன்றும் எஸ்எஸ்டி ஒன்றும் நானே மாட்டிக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். வெறும் கையால் தொட்டால் ஸ்டாட்டிக்கில் போர்டு போய்விடும் என்கிறார் கடைக்காரர். பிளக்கைப் பிடுங்காமல் இருந்தால்தான் எர்த் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிடுங்கியே ஆக வேண்டும் என்கிறார் நண்பர். எங்களுடையது பழைய வீடு. கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறது. இதுதான் ஸ்டாட்டிக்கா? மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் ஸ்டிராப் வாங்க வேண்டுமா?
– மதுரை வாசகர்

பதில்: கேபினெட் சுர்ரென்று அடிப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் போர்டு சம்பந்தப்பட்டது. இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

அது ஸ்டாட்டிக் இல்லை. ஸ்டாட்டிக் என்பது உரசலால் உடம்பில் ஏறும் மின்னேற்றம். அது ஒரே ஒரு தடவை சுருக்கென்று அடித்துவிட்டு அடங்கிவிடும். உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. தொடும்போதெல்லாம் சுர்ரென்றால் அது வீட்டு மின்சாரத்தின் கசிவு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்கு இணைக்கப்பட்டவை. எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அந்தக் கொஞ்ச மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் இப்போது லேசான கூச்சத்தோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே பேஸ் ஒயர் உரசி கேபினெட்டைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் அதே தகரத்தில் இருக்கும். எர்த் இல்லாத வீட்டில் ஃப்யூஸும் போகாது.

பழைய வீடுகளில் 3 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சில வீடுகளில் 2 பின் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுவார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டிலேயே இணைத்துவிடும் குறுக்குவழியை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க பேஸ் ஏறிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் எடுப்பதும் வேண்டாம். இடையில் ஒரு துண்டு பிவிசி இருந்தாலே அந்த எர்த் மண்ணைத் தொடாது. கசிவு நேராகக் குளியலறைக் குழாய்க்குப் போய்ச் சேரும்.

சரி, பிளக் விஷயம். பிடுங்கிவிடுங்கள். அந்த வீடியோ சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை மாட்டியபடி விட்டால், நல்ல எர்த் உள்ள வீட்டில் கேபினெட் மண்ணோடு இணைந்திருக்கும். உங்கள் வீட்டில்தான் அந்த எர்த்தே சந்தேகமாயிற்றே! சுவர் ஸ்விட்சை நம்பியும் கை வைக்க வேண்டாம். பழைய வயரிங்கில் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். அணைத்த பிறகும் பேஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

போர்டுக்கும் இதுதான் நல்லது. விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும், பிளக் இருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். சில போர்டுகளில் குட்டி விளக்கு எரிவது இதனால்தான். அந்த நிலையில் ரேமைச் செருகினால் ஸ்டாட்டிக்கே இல்லாமல் ரேம் போய்விடலாம். ஆகவே பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மானிட்டர், பிரிண்டர், நெட்வொர்க் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கினால் எர்த் போய்விடுமே, ஸ்டாட்டிக் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஸ்டாட்டிக்கிடமிருந்து போர்டைக் காக்க எர்த் கட்டாயமில்லை. உங்கள் உடம்பும், கேபினெட்டும், கையிலிருக்கும் ரேமும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் போதும். குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால் எந்தப் பக்கமும் ஓடாது, அதேதான் இங்கேயும். உங்கள் உடம்பில் 2,000 வோல்ட் ஏறியிருந்து, கேபினெட்டில் ஏதும் இல்லாமல் இருக்கும்போது நேராகச் சிப்பைத் தொட்டால், அத்தனையும் அந்தச் சிப் வழியாகப் பாயும். முதலில் கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டால், பாய வேண்டியது அங்கேயே பாய்ந்துவிடும்.

இதில் ஏமாற்றும் விஷயம், நமக்கு அது தெரியாது என்பது. சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் விரலுக்கு உறைக்கும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் காப்புப் படலமோ சில நானோமீட்டர் தடிமன்தான். சில சிப்களுக்கு 100 வோல்ட்டே அதிகம். அடிபட்டவுடன் செத்தாலாவது காரணம் புரியும். பாதி அடிபட்ட ரேம் சில மாதம் ஓடிவிட்டு, காரணமில்லாமல் ஹேங் ஆக ஆரம்பிக்கும். விண்டோஸைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பீர்கள்.

அதற்காகக் கடைக்காரர் சொல்கிற அளவுக்குப் பயப்படவும் தேவையில்லை. காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் ஏறும் மின்னேற்றம் பல மடங்கு குறையும். ஏசி அறை காற்றை உலர்த்திவிடும், எனவே அங்கே வேண்டாம். டைல்ஸ் அல்லது சிமெண்ட் தரையில், வெறுங்காலோடு, பருத்திச் சட்டையோ வேட்டியோ கட்டிக்கொண்டு, மர மேசையில் வேலை செய்யுங்கள். பாலியஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, கம்பளம், மெத்தை விரிப்பு எல்லாம் ஆகாது. எஸ்எஸ்டி வந்த பார்சலில் தெர்மாகோல் இருந்தால் அதை வேறு அறையில் பிரியுங்கள். செல்லோடேப்பை உரிப்பதும் அங்கேயே. இந்த இரண்டும் நிறைய ஸ்டாட்டிக்கை உண்டாக்கும்.

ரிஸ்ட் ஸ்டிராப் வாங்கினால் நல்லது, விலையும் அதிகமில்லை. தோலோடு ஒட்டிக் கட்டி, கிளிப்பைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கவ்வ வையுங்கள். அதன் ஒயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தப்பித் தவறி 230 வோல்ட் அதில் பட்டாலும் கரண்ட் கால் மில்லிஆம்பியரைத் தாண்டாது. வெறும் ஒயரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது இதற்கு ஈடாகாது, அது ஆபத்து. ஒயரே இல்லாத ‘வயர்லெஸ்’ ஸ்டிராப்பும் விற்கிறார்கள். மின்னேற்றம் போக வழியே இல்லாத அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஸ்டிராப் இல்லையென்றால், ஒரு கை கேபினெட்டின் உலோகத்தில் பட்டபடியே இருக்கட்டும். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடி தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ரேமையும் எஸ்எஸ்டியையும் வெள்ளி நிறப் பையிலிருந்து கடைசி நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் பையைக் கையில் பிடித்தபடி கேபினெட்டைத் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பைக்கு உள்ளே இருக்கும்போதுதான் பாதுகாப்பு. பையை விரித்து அதன்மேல் போர்டை வைத்து ஆன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பையில் மின்சாரம் கடத்தும் உலோகப் படலம் இருக்கிறது, அட்டைப் பெட்டிதான் சரி. ரேமை ஓரங்களில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள். அதிலுள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்தாவிட்டால் அது வேறு தலைமுறை ரேம். அழுத்திப் பார்க்காமல் கடையில் மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். திறந்ததுதான் திறந்தோம் என்று தூசி தட்டுவதாக இருந்தால், வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அதில் ஸ்டாட்டிக் உண்டாகும். மென்மையான பிரஷ் போதும். புளோயர் இருந்தால் ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

மாட்டி முடித்து ஆன் செய்ததும் திரை கருப்பாகவே இருந்தால் ரேம் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது முழுதாக உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி, ரேமைக் கழற்றி, இரண்டு முனையும் ‘கிளிக்’ என்று சேரும்வரை மறுபடி அழுத்துங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பழைய ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு புதியதை மட்டும். எது வேலை செய்யவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.