வாசகர் கேள்வி – பதில்: ஒரே வாடிக்கையாளரை நம்பிய கேபிள் ஆலை

கேள்வி: தனியார் கேபிள் நிறுவனங்கள் செழித்து வளர்ந்த நாட்டில், மத்திய அரசின் ஹிந்துஸ்தான் கேபிள்ஸ் மட்டும் ஏன் மூடப்பட்டது? கம்பி தயாரிப்பது அரசின் வேலையே அல்ல என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1952-இல் மேற்கு வங்கத்தின் ரூப்நாராயண்பூரில் இந்நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தொலைபேசிக் கேபிளுக்கு நாம் இறக்குமதியையே நம்பியிருந்தோம். அவ்வளவு பெரிய முதலீட்டுடன் இத்தொழிலில் இறங்கத் தனியார் தயங்கிய காலம் அது. பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கிய ஆலை, பின்னர் ஐதராபாத்திலும் அலகாபாத்தை அடுத்த நைனியிலும் கிளை விரித்தது.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. தயாரித்ததில் பெரும்பகுதியைத் தொலைத்தொடர்புத் துறையே வாங்கிக்கொண்டதால், சந்தையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே அதற்கு நேரவில்லை. தாராளமயத்துக்குப் பிறகு அத்துறை போட்டி ஒப்பந்தப்புள்ளி முறைக்கு மாறியது. செம்புக் கேபிளின் இடத்தைக் கண்ணாடி இழையும் கைபேசியும் பிடித்தன. வீட்டு மின்கம்பி, மின்விநியோகக் கேபிள் என்று பல பொருள்களையும் பல வாடிக்கையாளர்களையும் வைத்திருந்த தனியார் இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொண்டனர். ஒரே வாசலை நம்பியிருந்த அரசு ஆலையால் முடியவில்லை.

என்னை உண்மையில் வருத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். 2003 ஜனவரியிலேயே உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டது. மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோ 2016 செப்டம்பரில். சம்பள நிலுவை, விருப்ப ஓய்வுத் தொகை, அரசுக் கடனைப் பங்காக மாற்றுவது எல்லாம் சேர்த்து அப்போது ஒதுக்கப்பட்ட தொகை சுமார் ₹4,777 கோடி. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் ஆலையை வேறு உற்பத்திக்கு மாற்றியிருக்கலாம், அல்லது தொழிலாளரைக் கௌரவமாக விடுவித்திருக்கலாம். இரண்டில் ஒன்றையும் உரிய காலத்தில் செய்யாதது, ஆலை நட்டமடைந்ததைவிடப் பெரிய குற்றம் என்பேன்.

கேள்வி: அங்கே தயாரான ‘ஜெல்லி’ கேபிள் என்பது என்ன?

பதில்: செம்புத் தண்டைப் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அச்சுத் துளைகள் வழியே இழுத்து, அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பியாக்குவார்கள். அதற்கு வண்ண வண்ணமாகப் பாலித்தீன் உறை ஏற்றி, இரண்டிரண்டாக முறுக்குவார்கள். அருகருகே உள்ள இணைகளில் முறுக்கின் நீளம் வேறுபடுவதால்தான் ஒருவர் பேச்சு மற்றவர் இணைப்பில் கேட்பதில்லை. பழைய காகித உறைக் கேபிளில் சிறு விரிசல் விழுந்தாலும் நீர் உள்ளே பரவிக் காகிதம் ஊறி, நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒருசேரச் செயலிழக்கும். இழைகளின் இடைவெளியில் பெட்ரோலிய ஜெல்லியை நிரப்பியதும், நீர் ஓடுவதற்கு அங்கே வழியில்லாமல் போயிற்று.

கேள்வி: இன்றைக்கு அரசுத் துறையில் கேபிள் ஆலையே இல்லையா?

பதில்: இருக்கிறது. 1960-இல் கேரள அரசு தொடங்கிய ட்ராகோ கேபிள் நிறுவனத்துக்கு இரும்பனத்திலும் திருவல்லாவிலும் ஆலைகள் உள்ளன. மின்வாரியத்துக்கான அலுமினியக் கம்பிகளும் வீட்டு மின்கம்பிகளும் அதன் தயாரிப்புகள். மின்வாரியத்தின் கொள்முதலை மட்டும் நம்பியிராமல், வீட்டுக் கம்பி விற்பனையைக் கடைத்தெருவில் வலுப்படுத்துவதே அதற்குப் பாதுகாப்பு.