குளிர்ந்த காலையில் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஏன் நான்காவது கியருக்குப் போவதில்லை?

1990களின் டொயோட்டா கேம்ரி, குளிர்காலக் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு மூன்றாவது கியரிலேயே இரைகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். அது அப்படித்தான் ஓட வேண்டும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போதிய சூடு ஏறும்வரை ஓவர்டிரைவையும், அதாவது நான்காவது கியரையும், டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்பையும் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் இணைப்பு) காரின் கணினியே தடுத்து வைக்கும். என்ஜின் சீக்கிரம் சூடாவதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அரை மணி நேரம் ஓட்டியும் ஓவர்டிரைவ் விழவில்லையா? கியர்பாக்ஸில் கை வைக்கும் முன், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் போதிய சூடு ஏறாது. டேஷ்போர்டில் வெப்பமுள் கீழேயே கிடக்கும். மலிவான பாகம்தான், தயவுசெய்து முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கியர் லீவரை டி-யில் (டிரைவ்) போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து 'டக்' என்று பிடிப்பது மட்டும் வேறு கதை. குளிரில் கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாகும், வயதான ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும். அதனால் ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமாகும். சரி, ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள்: வண்டி நன்றாகச் சூடானபின், என்ஜின் ஓட, கியர் லீவரைப் பார்க்கில் (பி) வைத்துப் பார்த்தால், டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) 'ஹாட்' கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். 'கூல்' கோடு தோராயக் கணக்குக்குத்தான். துணியில் துடைத்தால் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, கருகல் வாசனை வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.